பேடு தேய்ந்தால் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்குமா?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 9

காரின் முன்பக்க பிரேக் பேடு 3 மி.மீ.தான் மிச்சம், இப்படியே ஓட்டினால் நிற்கும் தூரம் இரண்டு மடங்காகிவிடும் என்கிறார் மெக்கானிக். எனக்கோ ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மிதித்தால் நிற்கிறது, சத்தமும் இல்லை. பயமுறுத்தி பில் போடப் பார்க்கிறாரா? அடுத்த மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போகலாம் என்று இருக்கிறேன், அதற்குள் மாற்றியாக வேண்டுமா?

ஜூன் 9, இரவு 8 மணி

இரண்டு மடங்கு என்பது கதை. பெடலை மிதிக்கும் விசை பிரேக் ஆயில் வழியாகப் போய் பேடை, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. அந்த உரசல் எவ்வளவு என்பதை முடிவு செய்வது அழுத்தும் விசையும் பேடு செய்த பொருளும்தான். பேடின் தடிமன் 11 மி.மீ. இருந்தாலும் 3 மி.மீ. இருந்தாலும் கணக்கில் அது வரவே வராது.

அதோடு, அவசரத்தில் முழுதாக மிதிக்கும்போது வண்டி எங்கே நிற்கும் என்பது டயர் சாலையைப் பிடிப்பதைப் பொறுத்தது. காய்ந்த தார் சாலை, நல்ல டயர் என்றால், 60 கி.மீ. வேகத்தில் மிதித்த பிறகு சுமார் 20 மீட்டர். 80 என்றால் 36 மீட்டர். பேடு பாதி தேய்ந்திருந்தாலும் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு அதால் அழுத்த முடியும்.

சோதிக்க வேண்டுமா? ஆளில்லாத நேரான சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 40 கி.மீ. வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். கால் அடியில் கடகடவென்று ஏபிஎஸ் (ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) உதறினால் பிரேக்கின் பலம் டயரின் பிடிப்பைத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக் சொன்னது தப்பு, நீங்கள் கவனித்தது சரி.

ஜூன் 9, இரவு 11 மணி

ஏற்காடு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதுதான் கவனித்தேன். மேலே எழுதியதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

ஜூன் 11

நேற்று எழுத முடியவில்லை. சரி, சொல்ல வேண்டியது என் கதையேதான்.

2017 மே மாதம், கோடை விழா நேரம். ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை. பேடு அப்போது 2 மி.மீ. சொச்சம் இருந்திருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது எனக்கும் உங்களைப் போலவே ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. ஏறும்போது என்ன பிரச்சினை வரப் போகிறது? ஏறினோம். படகு விட்டோம், காப்பித்தூள் வாங்கினோம், சாயங்காலம் இறங்கினோம்.

முன்னால் வரிசையாக வண்டிகள். நான் மூன்றாவது கியர், சில இடத்தில் நான்காவது. வேகம் ஏறும்போதெல்லாம் லேசாகக் கால் வைத்தேன். லேசாகத்தானே வைக்கிறோம் என்ற நினைப்பு. உண்மையில் பாதி மலை வரை காலை எடுக்கவே இல்லை. ஒரு நாற்றம் வந்தது. "யாரோ டயர் கொளுத்துறாங்கப்பா" என்றாள் மகள். நானும் ஆமாம் என்று ஜன்னலை ஏற்றிவிட்டேன். கொளுத்திக்கொண்டிருந்தது நான்தான்.

அடுத்த கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. அதற்கடுத்த மிதிக்கு நேராகக் கீழே போய்த் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. நாலைந்து முறை படபடவென்று மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியருக்கு இழுத்தேன், என்ஜின் அலறியது. ஹேண்ட்பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மெல்லத் தூக்கினேன். பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கமாக, ஓடைக் கல்லில் உரசி நிறுத்தினேன். முன் சக்கரம் இரண்டிலும் புகை. வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. என் மாமியார் மட்டும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மிதித்துப் பார்த்தால் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது! ஒன்றுமே நடக்காதது போல. மறுநாள் பட்டறையில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே சார் இருக்கு, மலை இறங்குனா அப்படித்தான் வாசம் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

முதல் நாள் நான் எழுதியது முதல் மிதிக்கு மட்டும்தான் பொருந்தும். ஆறிய பிரேக்கில் ஒரே ஒரு தடவை நிறுத்தினால் பழைய பேடுக்கும் புது பேடுக்கும் வித்தியாசம் தெரியாது. தேய்ந்தது தெரிவது சூடு ஏறிய பிறகுதான். ஊருக்குள் ஓட்டுகிறவர் அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஜூன் 12

எவ்வளவு சூடு என்று கேட்டிருக்கிறீர்கள். பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

ஆளும் மூட்டையும் சேர்த்து வண்டி 1,300 கிலோ. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஏறத்தாழ 1,100 மீட்டர் இறக்கம். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமென்றால் அந்த ஆற்றல் முழுவதையும் எங்காவது சூடாக்கித் தொலைக்க வேண்டும். 1 கோடியே 40 லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், கல்யாண வீட்டு அண்டா அளவுக்கு.

இதே வண்டியை 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்த 3 லட்சத்து 20 ஆயிரம் ஜூல். அதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குப் போகும். அந்த ஒரு தடவைக்கே முன் டிஸ்க் இரண்டும் 40 டிகிரி அளவுக்குச் சூடேறும். மலை இறங்குவது அப்படி நாற்பத்து மூன்று தடவை நிறுத்துவதற்குச் சமம்.

ஜூன் 14

மேலே உள்ள கணக்கில் ஒரு ஓட்டை. டயர் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் போகும் பங்கை விட்டுவிட்டேன். சுமார் 20 கி.மீ. மலைப்பாதை என்று வைத்தால் அது 35 லட்சம் ஜூலாவது விழுங்கும். ஆக பிரேக்கும் என்ஜினும் பங்கு போட வேண்டியது ஒரு கோடி சொச்சம்தான். நாற்பத்து மூன்றை முப்பத்து மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். அண்டாவிலும் பத்து லிட்டர் குறைத்துவிடுங்கள்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. 30 கி.மீ. வேகத்தில் இரண்டாவது கியரில் இறங்கினால் அந்த மீதியில் பெரும்பகுதியை என்ஜினே எடுத்துக்கொள்ளும். வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தமாக மிதித்துவிட்டு விட்டுவிட வேண்டும். நான் செய்தது நேர்மாறு, என்ஜினைச் சும்மா வைத்துக்கொண்டு பேடிடம் மொத்த வேலையையும் வாங்கினேன்.

ஜூன் 20

இரண்டாவது யோசனை. 2017இல் என்னைக் கவிழ்த்தது பேடு மட்டுமில்லை. இத்தனை நாள் பேடு, பேடு என்று அதன் மேலேயே பழி போட்டது நியாயமில்லை.

சூட்டில் பேடுக்கு வரும் கோளாறு வேறு மாதிரி இருக்கும். பேடில் பொடிகளைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் சூட்டில் இளகி வாயு விடும், உரசல் குறையும். அப்போது பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், ஓங்கி மிதித்தும் வண்டி நிற்க மாட்டேன் என்கும். எனக்குப் பெடல் தரையைத் தொட்டது. அது ஆயில் கொதித்ததற்கு அடையாளம். ஆயிலை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். குழாய்க்குள் ஆவிக் குமிழ் வந்துவிட்டால் காலின் விசை அந்தக் குமிழை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் பழையபடி நிற்கும். பட்டறையில் ஒன்றும் தெரியாமல் போனதன் ரகசியம் இதுதான். குற்றவாளி சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். நூற்றில் 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4க்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. இவை அந்தந்த வகைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. என் வண்டியில் இருந்தது வாங்கிய நாளிலிருந்து மாற்றாத ஐந்து வருட ஆயில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கையேட்டில் போட்டிருந்தது. கையேட்டை யார் படித்தார்கள்?

சரி, பேடுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. டிஸ்க்கின் சூடு ஆயிலுக்குப் போகும் வழியில் குறுக்கே நிற்கும் சுவர் பேடுதான். 11 மி.மீ. சுவர் 2 மி.மீ. ஆகிவிட்டால் சூடு சீக்கிரம் பேடை அழுத்தும் பிஸ்டனைத் தொடும், அங்கிருந்து ஆயிலுக்கு ஒரு எட்டு. டிஸ்க்கும் தேய்ந்து மெலிந்திருந்தால் சூட்டைத் தாங்கும் இரும்பும் குறைவு. குறைந்தபட்சத் தடிமனைப் பெரும்பாலான டிஸ்க்குகளில் பொறித்தே வைத்திருப்பார்கள். துருவும் தூசியும் துடைத்துப் பார்த்தால் தெரியும்.

ஜூன் 21

இன்னொன்று விட்டுப்போனது. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஆயில் டப்பாவில் மட்டம் குறையும். குறைந்தால் விளக்கு எரியும். அந்த மட்டம் பேடின் ஆயுளைச் சொல்லும் மீட்டர் மாதிரி. என் வண்டியில் ஒவ்வொரு சர்வீசிலும் யாரோ புண்ணியவான் மேலே ஊற்றி நிரப்பி வைத்திருக்கிறார். விளக்கு எரியவே இல்லை. பிறகு புது பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது டப்பா வழிந்து பெயின்ட்டில் ஓடியது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். பானெட்டுக்கு அடியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஜூலை 2

"என் வண்டிக்குப் பின்னால் டிரம், அதற்கும் தடிமன் கணக்கில் வராதா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மாட்டிக்கொண்டேன். டிஸ்க் பிரேக்கில் பேடு தேய்ந்தால் பிஸ்டன் தானாக முன்னால் வந்து இடைவெளியை நிரப்பிவிடும். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம், உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த தகடு அதன் மேல் அழுத்தும். ஷூவின் மேல் இருக்கும் லைனர் தேய்ந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடும். அதைச் சரிக்கட்ட உள்ளே ஒரு அட்ஜஸ்டர் உண்டு. துருவும் தூசியும் ஏறி அது அசையாமல் போனால், மிதிக்கிற மிதியில் பாதி ஷூவை டிரம் வரை கொண்டுபோவதிலேயே செலவாகும். அந்தத் தாமதம் பத்தில் ஒரு நொடி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 60 கி.மீ. வேகத்தில் 1.7 மீட்டர். நடந்து போகிறவருக்கு அது பெரிய தூரம்.

அதனால் ஜூன் 9 அன்று "தடிமன் வரவே வராது" என்றதை டிரம்முக்கு வாபஸ் வாங்குகிறேன். ஹேண்ட்பிரேக் முன்பு நாலைந்து கிளிக்கில் நின்றது, இப்போது எட்டு ஒன்பது வரை ஏறுகிறது என்றால் லைனரையும் அட்ஜஸ்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூலை 2, மீண்டும்

வாபஸ் வாங்கியதில் என் ஏபிஎஸ் சோதனையும் பாதி அடிபடுகிறது. அது முன் பிரேக்கின் ஆறிய நிலைப் பலத்தை மட்டும் காட்டும். பழைய வண்டிகளில் ஏபிஎஸ்ஸே இருக்காது, 2019 ஏப்ரலிலிருந்துதான் நம் ஊரில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். அது இல்லாத வண்டியில் இந்தச் சோதனையைச் செய்து சறுக்கிக்கொண்டு போய் வயலில் இறங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

ஜூலை 18

மெக்கானிக்கின் "இரண்டு மடங்கு" இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் சொன்ன எண் தப்பு, சொன்ன பயம் தப்பில்லையோ என்று தோன்றுகிறது. ஒரு கணக்கு போட்டேன், போட்ட பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூட்டாலோ, பேடு முழுக்கத் தீர்ந்து இரும்பு இரும்போடு உரசுவதாலோ, பிரேக்கின் பலம் 30 சதவீதம் குறைந்ததாக வைப்போம். 80 கி.மீ. வேகத்தில் 36 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 51 மீட்டரில் நிற்கும். பதினைந்து மீட்டர்தானே, ஒரு பஸ் நீளத்துக்கும் கொஞ்சம் கூட, என்று தோன்றும். ஆனால் அந்த 36ஆவது மீட்டரில் ஒரு லாரியின் பின்பக்கம் இருந்தால்? அங்கே நம் வண்டியின் வேகம் மெல்ல நகர்கிற வேகமாக இருக்காது. 44 கி.மீ. வேகத்தோடு போய் மோதும். தூரத்தின் பெரும்பகுதி போன பிறகுதான் வேகம் மளமளவென்று இறங்குகிறது, கணக்கின் குணம் அப்படி.

யோசிக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். கண் பார்த்து கால் போய்ச் சேர ஒரு நொடி என்றால் 80இல் 22 மீட்டர் காலி. அதற்கு எந்தப் பேடு போட்டும் புண்ணியமில்லை.

ஆகஸ்ட் 4

ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமாவிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். சேலத்தில் பல வருடம் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர், நாலு சக்கரத்துக்கும் டிரம். "ஏறுன கியர்லயே இறங்குடா, அதுக்கு மேல எதுக்கு ஜூலு கீலுன்னு பேசிக்கிட்டு" என்றார். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை அவருக்கு ஆகவே ஆகாது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த மிச்சமும் பொய் என்று நானும் என் பங்குக்குச் சேர்த்தேன். கியரில் இறங்கும்போது சக்கரமே என்ஜினைச் சுழற்றுவதால் பெட்ரோல் நின்றுவிடும். நியூட்ரலில் என்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும்.

என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வெற்றிடம் மிச்சமிருக்கும். அப்புறம் பெடல் மரக்கட்டை.

மாமாவோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுவார்களாம் அந்தக் காலத்தில். கொதிக்கும் வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் வாதாடத் தெம்பில்லை, இலை போட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 25

கேள்வி கேட்டவர் ஏற்காட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுச் சக்கரத்தைக் கழற்றிப் படம் அனுப்பியிருக்கிறார். வெளிப்பக்க பேடு, மெக்கானிக் சொன்ன 3 மி.மீ. இருக்கிறது. உள்பக்கத்தைப் பாருங்கள் என்றேன். அது 1 மி.மீ. கூட இல்லை, ஓரத்தில் இரும்புத் தகடே தெரிகிறது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபர் நகர்வதற்கான 'பின்' என்ற கம்பி துருவேறி இறுகிவிட்டது. அது நகராவிட்டால் பிஸ்டன் இருக்கும் உள்பக்க பேடே எல்லா வேலையையும் செய்யும். அலாய் சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். மெக்கானிக்கும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். பேடு தீரும் தறுவாயில் டிஸ்க்கில் உரசிக் கீச்சிட வைத்திருக்கும் சின்னத் தகடு இந்தப் பேடில் இல்லவே இல்லை. விலை குறைவு என்று வாங்கியதாம். சத்தம் இல்லை என்று முதல் கேள்வியில் எழுதியிருந்தாரே, இதுதான் சங்கதி.

பேடு, பின், ஆயில் மூன்றையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். டிஸ்க்கில் வரி விழுந்திருக்கிறது. லேத்தில் கொடுத்துக் கடைந்தால் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போய்விடும் போல. அளந்துவிட்டு முடிவு செய்யட்டும்.

செப்டம்பர் 1

"புது பேடு போட்டாச்சு, பழசைவிட மோசமாக நிற்கிறது! இதற்குப் பழசே தேவலாம்" என்று கோபமாக எழுதியிருக்கிறார். உண்மைதான். புது பேடு டிஸ்க்கோடு இன்னும் முழுதாகப் படியவில்லை, அங்கங்கே மட்டும் உரசுகிறது. காலிச் சாலையில் 60லிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம், நடுவில் ஆற விட்டு எட்டுப் பத்து தடவை. அப்புறம் முதல் இருநூறு, முந்நூறு கி.மீ. வரை ஓங்கி மிதிக்கும் தேவை வராமல் பார்த்து ஓட்டுங்கள். ஏற்காடு அதற்குப் பிறகு.

மூன்று மாதத்துக்கு முன்னால் "தேய்ந்த பேடு மோசமாக நிற்குமா" என்று கேட்டவர் இப்போது புது பேடு மோசமாக நிற்கிறது என்கிறார், நான் இரண்டுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 1, பத்து நிமிடம் கழித்து

முக்கியமானதை மறந்தேன். இனி எப்போது பேடு மாற்றினாலும், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை முதல் மிதி வெறும் மிதிதான். இதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று எங்கள் வீட்டு கேட்டைப் பார்த்தால் தெரியும், இடது கதவில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்.